மாங்கேணிக்கு ஏற்ற ஸ்கான் எது? கழுத்து நாடி அடைப்பும் பதினான்கு நாள் கணக்கும்

வரவு செலவுத் திட்டக் காலம் வரும்போதெல்லாம் கிழக்கின் வைத்தியசாலைகள் பற்றி ஒரு கோரிக்கை தவறாமல் எழுகிறது. எமது வைத்தியசாலைக்கும் ஒரு பெரிய ஸ்கான் இயந்திரம் வேண்டும் என்பதே அது. கோரிக்கையில் பிழை இல்லை. 2022 இல் நாடு கடனைச் செலுத்த முடியாமல் வங்குரோத்து நிலைக்குப் போன பின்னர், மருந்துத் தட்டுப்பாட்டையும் வைத்தியர்கள் வெளிநாடு செல்வதையும் பழுதடைந்த இயந்திரங்கள் திருத்தப்படாமல் கிடப்பதையும் கண்டு சலித்துப்போன மக்கள் வேறு எதைத்தான் கேட்பார்கள்? ஆனால் அந்த இயந்திரம் யாருடைய எந்த நோயை, எத்தனை நாட்களுக்குள், என்ன செலவில் கண்டுபிடிக்கப் போகிறது என்ற கேள்வி மட்டும் அநேகமாக எழுவதில்லை.

அந்தக் கேள்வியை ஒரேயொரு நோயை வைத்தும் ஒரேயொரு ஊரை வைத்தும் கேட்டுப் பார்ப்பது பயன் தரும். நோய், கழுத்து நாடி ஒடுங்குவதால் ஏற்படும் பாரிசவாதம். ஊர், வாகரைப் பிரதேசத்தின் மாங்கேணி. இந்த நோயைக் கண்டறியும் பரிசோதனைகளில் எது செலவுக்கேற்ற பயனைத் தருகிறது என்பது பற்றி உலகில் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றின் முடிவுகளை மாங்கேணியில் நின்று வாசித்தால், கொழும்பில் நின்றோ இலண்டனில் நின்றோ வாசிக்கும்போது தெரியாத சில விடயங்கள் தெரிகின்றன.

கழுத்தில் நடப்பது என்ன?

கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாடிகள் உள்ளன. கரோட்டிட் நாடி என்று வைத்தியர்கள் சொல்வது இவற்றைத்தான். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், கூடிய கொலஸ்ட்ரோல் ஆகியவற்றால் இந்த நாடியின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து தடிக்கிறது. பாதை ஒடுங்குகிறது. அந்தப் படிவின் மேல் உறையும் இரத்தத்தில் சிறு துண்டொன்று கழன்று மூளைக்குள் போய் ஒரு சிறு நாடியை அடைத்துவிட்டால் அதுதான் பாரிசவாதம்.

பல வேளைகளில் பெரிய தாக்கம் வருவதற்கு முன் ஒரு முன்னறிவிப்பு வரும். ஒரு பக்கக் கை திடீரென்று சோர்ந்து, பிடித்திருந்த தேநீர்க் கோப்பை நழுவும். வாய் ஒரு பக்கம் கோணும். பேச்சுக் குழறும். ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியது போல இருளும். பத்து, பதினைந்து நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடும். தற்காலிகப் பாரிசவாதம் என்று இதனைச் சொல்லலாம். எங்கள் ஊர்களில் இதற்குக் கிடைக்கும் பெயர்கள் வேறு. ‘பிறசர் ஏறிற்றுது’, ‘வெயில் பட்டது’, ‘காற்றுப் பட்டது’ என்று சொல்லி, சோடா குடித்துப் படுத்து எழும்பி, மறுநாள் கடலுக்கோ வயலுக்கோ போய்விடுகிறார்கள். நோவு இல்லாத நோய்க்கு யார் வைத்தியசாலைக்குப் போவார்?

ஆனால் இந்தச் சில நிமிடங்கள்தான் மிக ஆபத்தானவை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இத்தகைய 1,707 நோயாளர்களைப் பின்தொடர்ந்து 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், பத்தில் ஒருவருக்கு 90 நாட்களுக்குள் முழுமையான பாரிசவாதம் வந்தது. அதில் பாதி முதல் இரண்டு நாட்களுக்குள்ளேயே வந்துவிட்டது.

சத்திரசிகிச்சையும் நாட்கணக்கும்

ஒடுங்கிய கழுத்து நாடியைத் திறந்து படிவை அகற்றும் சத்திரசிகிச்சை பல பத்தாண்டுகளாக நடைமுறையில் உள்ளது. அது யாருக்குப் பயன்படும் என்பதை 1991 இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு தெளிவாக்கியது. அறிகுறி தோன்றியவர்களில் நாடி 70 வீதத்துக்கு மேல் ஒடுங்கியிருந்தவர்களை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பக்கத்தில் பாரிசவாதம் வந்தது. சத்திரசிகிச்சை செய்தவர்களில் அது நூற்றுக்கு 9 பேர். ஏறக்குறைய ஆறு பேருக்குச் சத்திரசிகிச்சை செய்தால் ஒருவர் பாரிசவாதத்திலிருந்து தப்புகிறார். வைத்திய உலகில் இது பெரிய இலாபம்.

இந்த இலாபம் எத்தனை நாள் நிலைக்கும் என்பதை 2004 இல் ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த பேராசிரியர் பீற்றர் ரொத்வெல் குழுவினர் கணக்கிட்டுக் காட்டினார்கள். அறிகுறி தோன்றி இரண்டு வாரங்களுக்குள் சேர்க்கப்பட்டவர்களில் ஐந்து பேருக்குச் சத்திரசிகிச்சை செய்தால், ஐந்து ஆண்டுகளில் ஒரு பாரிசவாதம் தடுக்கப்பட்டது. பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் சேர்க்கப்பட்டவர்களில் ஒரு பாரிசவாதத்தைத் தடுக்க 125 பேருக்குச் செய்ய வேண்டியிருந்தது. அதே நோய், அதே சத்திரசிகிச்சை. மாறியது நாட்கள் மட்டுமே. பெண்களில் இந்தப் பயன் இன்னும் வேகமாகக் குறைகிறது என்பதையும் அதே ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதனால்தான் ஐரோப்பிய வழிகாட்டல்கள் பதினான்கு நாட்களுக்குள் சத்திரசிகிச்சை நடக்க வேண்டும் என்கின்றன.

ஐந்து பேர் எங்கே, 125 பேர் எங்கே? ஸ்கானின் விலையைப் பற்றிப் பேசும் முன் இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு பரிசோதனைகள்

கழுத்து நாடி எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்பதைப் பார்க்க நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, பழைய முறை. இடுப்பு மடிப்பில் உள்ள நாடி வழியாக மெல்லிய குழாய் ஒன்றைக் கழுத்து நாடி வரை செலுத்தி, சாயம் பாய்ச்சி எக்ஸ்ரே படம் எடுப்பது. மிகத் துல்லியமானது. ஆனால் பாரிசவாதத்தைத் தடுக்கப் போன பரிசோதனையே சிலருக்குப் பாரிசவாதத்தைக் கொடுத்துவிடும். 1995 இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் இந்தப் பரிசோதனைக்கு உட்பட்டவர்களில் 1.2 வீதமானோருக்கு அப்படி நடந்தது. வைத்தியசாலையில் அனுமதித்துச் செய்ய வேண்டியதால் செலவும் அதிகம். இன்று நோயைக் கண்டறிவதற்காக மட்டும் இதனைச் செய்வது அருகிவிட்டது.

இரண்டாவது, டொப்ளர் எனப்படும் அல்ட்ராசவுண்ட் ஸ்கான். இது இரத்தம் ஓடும் வேகத்தை அளக்கிறது. பனிச்சங்கேணிப் பாலத்தின் கீழ் நீரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்கத் தேவையில்லை. விரிந்து கிடக்கும் களப்பின் நீர் ஒடுங்கிய வாயில் வேகமெடுக்கும். நாடியிலும் அப்படித்தான். பொதுவாக, வேகம் செக்கனுக்கு 125 சென்ரிமீற்றரைத் தாண்டினால் பாதிக்கு மேல் ஒடுக்கம் என்றும், 230 ஐத் தாண்டினால் 70 வீதத்துக்கு மேல் ஒடுக்கம் என்றும் கொள்கிறார்கள். ஊசி இல்லை, சாயம் இல்லை, கதிர்வீச்சு இல்லை. கட்டிலுக்கு அருகிலேயே கொண்டுவந்து செய்யலாம். குறைபாடு என்னவென்றால் செய்பவரின் கையில்தான் இதன் தரம் இருக்கிறது. நாடிச் சுவரில் கல்சியம் படிந்திருந்தால் படம் மறையும். மண்டையோட்டுக்கு உள்ளே இருக்கும் நாடிகளையும் இந்தக் கழுத்துப் பரிசோதனை காட்டாது.

மூன்றாவது, கையில் சாயம் ஏற்றி எடுக்கும் சீ.ரீ. ஸ்கான். சில செக்கன்களில் கழுத்திலிருந்து மூளை வரை எல்லா நாடிகளும் தெரியும். கதிர்வீச்சு உண்டு. சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் சீனி வருத்தத்தால் சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கவனம் தேவை.

நான்காவது, எம்.ஆர்.ஐ. ஸ்கான். கதிர்வீச்சு இல்லை. ஆனால் இயந்திரத்தின் விலையும் பராமரிப்புச் செலவும் நான்கிலும் இதற்கே அதிகம்.

பிரித்தானியக் கணக்கு சொல்வது

இவற்றில் எது இலாபம் என்று முறையாகக் கணக்குப் பார்த்தவர்களில் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோவானா வார்ட்லோ தலைமையிலான குழு முக்கியமானது. 2006 இல் வெளியான அவர்களின் ஆய்வு, முன்னைய 41 ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்தது. 70 வீதத்துக்கு மேற்பட்ட ஒடுக்கத்தைக் கண்டுபிடிப்பதில், சாயம் ஏற்றிய எம்.ஆர்.ஐ. நூறு நோயாளரில் 94 பேரைச் சரியாகப் பிடித்தது. டொப்ளர் 89 பேரைப் பிடித்தது. அந்தளவு ஒடுக்கம் இல்லாதவர்களை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்வதில் எம்.ஆர்.ஐ. நூற்றுக்கு 93, டொப்ளர் 84. அன்றைய சீ.ரீ. 76 பேரைப் பிடித்து, இல்லாதவர்களில் 94 பேரைச் சரியாக விலக்கியது. அதன் பின்னர் சீ.ரீ. இயந்திரங்கள் நன்றாக முன்னேறிவிட்டன.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் எம்.ஆர்.ஐ. தான் வெல்ல வேண்டும். ஆனால் செலவையும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது முடிவு வேறாக வந்தது. அறிகுறி தோன்றியவுடன் வரும் நோயாளரைப் பொறுத்தவரை, அதிகம் பேரை விரைவாகச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழிமுறைகளே அதிக பாரிசவாதங்களைத் தடுத்தன. செலவுக்கேற்ற பயனையும் தந்தன. டொப்ளரை முதற் பரிசோதனையாகவோ, உறுதிப்படுத்தும் மறுபரிசோதனையாகவோ கொண்ட வழிமுறைகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருந்தன. குழாய் செலுத்தும் பழைய முறை அதில் இல்லை. தாமதமாக வருபவர்களுக்கு மட்டும், சத்திரசிகிச்சையின் பயன் ஏற்கெனவே குறைந்துவிட்டதால், துல்லியம் முக்கியமாகிறது; அவர்களுக்குச் சாயம் ஏற்றிய எம்.ஆர்.ஐ. போன்ற பரிசோதனை அவசியம் என்றது அந்த ஆய்வு.

இதன் பொருள் எளிமையானது. ஆரம்பத்தில் வேகம் துல்லியத்தை வெல்கிறது. ஆறு வாரம் காத்திருந்து எடுக்கும் மிகச் சிறந்த படத்தை விட, ஆறாம் நாள் எடுக்கும் ஓரளவு நல்ல படம் அதிக உயிர்களைக் காக்கிறது.

எமது சூழலில் இதைச் சிறு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். தற்காலிகப் பாரிசவாதத்துடன் வரும் நூறு பேரில் பத்துப் பேருக்குக் கடுமையான ஒடுக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன வீதப்படி, டொப்ளர் அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிடிக்கும். மீதி 90 பேரில் 14 பேரைத் தவறாகச் சந்தேகிக்கும். ஆகவே 23 பேர் மட்டுமே இரண்டாவது பரிசோதனைக்குப் போக வேண்டும். மற்ற 77 பேரும் தூரப் பயணமும் காத்திருப்பும் இன்றி மருந்தைத் தொடரலாம். அந்த இரண்டாவது பரிசோதனை சீ.ரீ. ஆகவோ எம்.ஆர்.ஐ. ஆகவோ இருக்கலாம். பயிற்சி பெற்ற வேறொருவர் மீண்டும் செய்யும் டொப்ளராகவும் இருக்கலாம் என்பதை ஐரோப்பிய வழிகாட்டல்கள் ஏற்கின்றன. பெரிய இயந்திரம் இல்லாத இடத்துக்கு இது முக்கியமான சலுகை.

இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. ஒரு நோயாளர் ஏற்கெனவே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை வரை வந்து, மூளைக்குச் சீ.ரீ. எடுக்கப்படும் நிலையில் இருந்தால், அதே மேசையில் சாயம் ஏற்றிக் கழுத்தையும் படமெடுத்துவிடுவதே மலிவானது. வசதியும் படத்தை வாசிக்க வைத்தியரும் அன்றே இருந்தால், டொப்ளருக்கென்று இன்னொரு திகதி கொடுப்பது வீண். எந்த இயந்திரம் என்பதை விட எந்த நாளில் என்பதே அளவுகோல்.

அந்தக் கணக்கில் இல்லாத செலவுகள்

பிரித்தானியக் கணக்கு அந்நாட்டுச் சுகாதார சேவையின் செலவைப் பார்க்கிறது. மாங்கேணியில் நின்று பார்த்தால் அதில் இல்லாத இரண்டு செலவுகள் தெரிகின்றன.

முதலாவது பயணம். ஏ-15 வீதியில் காயாங்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையில் இருக்கும் மாங்கேணியிலிருந்து மட்டக்களப்பு நகரம் சுமார் ஐம்பது கிலோமீற்றர். இடையில் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை இருக்கிறது. எங்கள் நாட்டில் அரச வைத்தியசாலையின் ஸ்கானுக்குப் பணம் இல்லை. ஆனால் இலவச ஸ்கானுக்குப் போகும் வழி இலவசம் இல்லை. கடலிலோ களப்பிலோ மீன் பிடிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் வைத்தியரைக் காண, இன்னொரு நாள் திகதி எடுக்க, பிறகு ஸ்கானுக்கு, பிறகு முடிவைக் காட்ட என்று நான்கு தடவை போனால், அவருடைய நான்கு நாள் உழைப்பும் துணைக்குப் போகிறவரின் நான்கு நாள் உழைப்பும் போகின்றன. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பமென்றால் வீட்டில் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்பது அடுத்த கேள்வி. இரண்டாம் பயணத்தோடு பலர் நின்றுவிடுவதற்குக் காரணம் அறியாமை என்று சொல்வது சுலபம். உண்மையில் அவர்கள் செய்வதும் ஒரு செலவுக் கணக்குத்தான்.

சத்திரசிகிச்சை என்று வந்தால் தூரம் இன்னும் கூடும். நாடிச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கொழும்பு, கண்டி போன்ற பெருநகர வைத்தியசாலைகளிலேயே பெரிதும் குவிந்திருக்கிறார்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஸ்கான் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு சத்திரசிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருந்தால், ஐந்து பேர் கணக்கு 125 பேர் கணக்காக மாறிவிடும். அப்போது ஸ்கானுக்குச் செலவிட்டதும் வீணாகும்.

இரண்டாவது, போர் எங்கள் உடல்களில் விட்டுச்சென்றது. மாங்கேணி 2006 இல் போரின் முன்னரங்கை ஒட்டியிருந்த இடம். அந்த ஆண்டு நவம்பர் 8 ஆம் திகதி கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதையும், 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்குப் போவதற்கு முன் ஆயிரக்கணக்கான மக்கள் காட்டு வழியாகவும் களப்பு வழியாகவும் வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்ததையும் இங்கு எவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அன்று காயமடைந்து உயிர் தப்பியவர்கள், வன்னியில் 2009 வரை காயமடைந்தவர்கள் ஆகியோரில் பலர் இன்னும் உடலுக்குள் செல் துண்டுகளுடன் வாழ்கிறார்கள். அன்று முப்பது, முப்பத்தைந்து வயதில் இருந்தவர்கள் இன்று பாரிசவாதம் வரும் வயதை அடைகிறார்கள்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒரு பெரும் காந்தம். உடலுக்குள் காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்புத் துண்டு இருந்தால் அது அசையலாம், சூடேறலாம். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய நாடிகள் ஆகியவற்றுக்கு அருகில் இருந்தால் ஆபத்து. எல்லாத் துண்டுகளும் ஆபத்தானவை என்றில்லை. முதலில் எக்ஸ்ரே எடுத்து, துண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து, கதிரியக்க வைத்தியர் முடிவெடுக்க வேண்டும். அதுவே இன்னொரு நாள், இன்னொரு பயணம். கழுத்திலோ தாடையிலோ துண்டு இருந்தால் சீ.ரீ. படத்திலும் அதைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் விழுந்து நாடியை மறைக்கக்கூடும். டொப்ளருக்கு இந்த ஆபத்து எதுவும் இல்லை. பழைய காயத் தழும்பு சில இடங்களில் படத்தைக் குழப்பலாம், அவ்வளவுதான்.

எடின்பரோக் கணக்கில் செல் துண்டுக்கு ஒரு வரி இல்லை. அங்கே அது தேவைப்படவில்லை. வாகரையிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அது தேவைப்படுகிறது. எம்.ஆர்.ஐ. வாங்குவதா, டொப்ளர் வசதியைப் பரவலாக்குவதா என்று எமது பகுதிகளுக்காகத் தீர்மானிப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

படத்துக்கு முன் மாத்திரை

கழுத்து ஸ்கானை எல்லாப் பாரிசவாதத்துக்கும் மருந்தாக நினைத்துவிடவும் கூடாது. தெற்காசிய மக்களிடம், ஐரோப்பியரை விட, கழுத்து நாடி ஒடுங்குவது குறைவாகவும் மண்டையோட்டுக்குள் உள்ள நாடிகள் ஒடுங்குவது கூடுதலாகவும் காணப்படுகிறது. இருதயத்திலிருந்து வரும் இரத்தக்கட்டியும், உயர் அழுத்தத்தால் மூளைக்குள் ஏற்படும் இரத்தக்கசிவும் வேறு காரணங்கள். ஆகவே கழுத்து ஸ்கான் ஒரு பகுதியினரைத்தான் காப்பாற்றும்.

எல்லோரையும் காப்பது வேகமாகத் தொடங்கும் சாதாரண மருந்துகள். ஒக்ஸ்போர்ட்டில் 2007 இல் வெளியான ஆய்வொன்றில், சிறிய பாரிசவாத அறிகுறியுடன் வந்தவர்களுக்கு முதல் மருந்து எழுதப்படும் தாமதத்தை 20 நாட்களிலிருந்து ஒரு நாளாகக் குறைத்தார்கள். 90 நாட்களுக்குள் மீண்டும் பாரிசவாதம் வந்தவர்களின் வீதம் 10.3 இலிருந்து 2.1 ஆக வீழ்ந்தது. அங்கே பயன்பட்டவை அஸ்பிரின், குளோப்பிடோகிரெல், கொலஸ்ட்ரோல் மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை போன்றவைதான். விலை அதிகமில்லாத, எமது வைத்தியசாலைகள் அறிந்த மருந்துகள். எந்த ஸ்கானையும் விட மலிவான இலாபம் இது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். அறிகுறி இன்னும் நீங்காதவருக்கு வீட்டில் அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. அது இரத்தக்கசிவால் வந்ததாக இருந்தால் நிலைமை மோசமாகும். மருந்தை வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். வீட்டார் செய்ய வேண்டியது, 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழைப்பதும், அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்வதும்தான். சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

அறிகுறி இல்லாதவர்களுக்கு ஸ்கான் தேவையா?

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் ஊரிலுள்ள தாய் தந்தையருக்கு ‘முழு உடல் பரிசோதனை’ செய்யச் சொல்லிப் பணம் அனுப்புவது இன்று வழமை. அன்பினால் செய்வது. தனியார் பரிசோதனைப் பொதிகள் சிலவற்றில் கழுத்து டொப்ளரும் சேர்ந்திருக்கும். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இதனால் பயன் உண்டா?

மீண்டும் அதே கணக்கு. அறிகுறி இல்லாத ஆயிரம் பேரில் பத்துப் பேருக்குக் கடுமையான ஒடுக்கம் இருப்பதாகக் கொண்டால், டொப்ளர் ஒன்பது பேரைப் பிடிக்கும். ஆனால் நோய் இல்லாத 158 பேரையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கும். அந்த 158 பேரும் பயத்தோடு அடுத்த ஸ்கானுக்கு அலைவார்கள். அறிகுறி இல்லாதவர்களில் சத்திரசிகிச்சையின் பயனும் சிறியது. 2004 இல் வெளியான பெரிய ஆய்வில் ஐந்து ஆண்டுப் பாரிசவாத வீதம் 11.8 இலிருந்து 6.4 ஆகக் குறைந்தது. இன்றைய மருந்துகள் அன்றைய மருந்துகளை விடச் சிறந்தவை என்பதால் அந்த இடைவெளி இப்போது இன்னும் சிறியதாக இருக்கலாம். அமெரிக்காவின் தடுப்புச் சேவைகளுக்கான பணிக்குழு, அறிகுறி இல்லாத பொதுமக்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று 2007 இலும் 2014 இலும் கூறி, 2021 இலும் அதையே உறுதிப்படுத்தியது.

எனவே புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் பணம் இதற்குப் போவதை விட, ஊரில் ஒரு இரத்த அழுத்தமானி வாங்குவதற்கோ, தவறாமல் கிளினிக் போய்வரும் பயணச் செலவுக்கோ போனால் பலன் அதிகம். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு அழுத்தத்தையும் சீனியையும் இலவசமாகப் பார்க்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் அரச வைத்தியசாலைகளில் இயங்குகின்றன. அவற்றுக்கு ஆண்கள் போவது குறைவு என்பது ஊரறிந்த விடயம்.

எதைக் கேட்க வேண்டும்?

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், மாங்கேணி, வாகரை, கதிரவெளி மக்களின் பெயரால் கேட்கப்பட வேண்டியது பெரிய இயந்திரம் ஒன்றை விடச் சிறியது. ஆனால் நிறைவேற்றக் கடினமானது.

ஒன்று, வாழைச்சேனை போன்ற ஆதார வைத்தியசாலையில் கழுத்து டொப்ளர் செய்வதற்கென்று வாரத்தில் ஒரு நாளாவது நிச்சயமாக இருக்க வேண்டும். கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்கப் பயன்படும் அல்ட்ராசவுண்ட் இயந்திரங்கள் பலவற்றில், கழுத்துக்குரிய ஆய்வுமுனையும் டொப்ளர் வசதியும் இருந்தால், இதைச் செய்ய முடியும். செய்பவருக்குப் பயிற்சியே முக்கியம். பிரித்தானியாவில் இந்தப் பரிசோதனையைப் பெரும்பாலும் செய்பவர்கள் பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர்கள். வைத்தியர் பற்றாக்குறை உள்ள மாகாணத்தில் இது யோசிக்க வேண்டிய வழி.

இரண்டு, தற்காலிகப் பாரிசவாத அறிகுறியுடன் வாகரை வைத்தியசாலைக்கு வருபவருக்கு அன்றே மருந்து தொடங்கவும், ஸ்கானுக்குரிய திகதி அன்றே தொலைபேசியில் எடுக்கப்படவும் வேண்டும். திகதி எடுப்பதற்கென்று ஒரு பயணம் இருக்கக் கூடாது.

மூன்று, உடலில் செல் துண்டு உள்ளவர்களின் கிளினிக் கொப்பியில், அது எங்கே இருக்கிறது என்பது எக்ஸ்ரே முடிவுடன் எழுதப்பட வேண்டும். அவசரத்தில் பேச முடியாமல் கொண்டுவரப்படும் ஒருவருக்காக அந்த ஒரு வரி பேசும். முன்னாள் போராளிகள் உட்படப் பலர் இதைச் சொல்லத் தயங்குவார்கள் என்பதும் உண்மை. காயம் எப்படி வந்தது என்று கேட்காமல், எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதும்.

நான்கு, கடுமையான ஒடுக்கம் உறுதியானவரை பதினான்கு நாட்களுக்குள் ஏற்கும் சத்திரசிகிச்சைப் பிரிவு எது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கதவு திறக்காவிட்டால் முன்னைய மூன்றினாலும் கிடைப்பது மருந்தின் பயன் மட்டுமே.

இதில் நிர்வாகச் சிக்கல் ஒன்று உண்டு. போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழ் உள்ளன. ஆதார, பிரதேச வைத்தியசாலைகள் பெரும்பாலும் மாகாணத்தின் கீழ் உள்ளன. ஒரு நோயாளர் மாங்கேணியிலிருந்து கொழும்பு வரை போகும் வழியில் இரண்டு நிர்வாகங்களைக் கடக்கிறார். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்தது. அதன் பின் நீண்ட காலம் தேர்தல் நடத்தப்படாமல் மாகாண நிர்வாகம் ஆளுநரின் கையிலேயே இருந்து வந்தது. இப்படிப்பட்ட சிறிய, அலுப்பூட்டும் ஒழுங்குகளைக் கேட்டு வாங்க வேண்டிய மக்கள் பிரதிநிதிகள் இல்லாத இடத்தில், திறப்பு விழா வைக்கக்கூடிய இயந்திரங்கள் மட்டுமே கோரிக்கையாகின்றன.

ஆகவே பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் சுகாதாரப் பணிப்பாளர்களிடமும் எமது மக்கள் ஒரேயொரு எண்ணைக் கேட்கட்டும். வாகரைப் பிரதேசத்தில் கை சோர்ந்து, வாய் கோணிச் சரியான ஒருவருக்கு, அந்த நாளிலிருந்து கழுத்து ஸ்கான் எடுக்கப்படும் நாள் வரை சராசரியாக எத்தனை நாட்கள்? ஒவ்வொரு ஆண்டும் அந்த எண்ணை வெளியிடச் சொல்ல வேண்டும். அது பதினான்குக்குக் கீழே வந்தால், எந்த இயந்திரத்தால் வந்தது என்று யாரும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. அது அறுபதோ எழுபதோ ஆக இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரம் வந்து இறங்கினாலும் மாங்கேணிக்கு அது வரவில்லை என்றே அர்த்தம்.